சத்தியமானியும் ஐந்து கயிறுகளும்

காலை எட்டு மணிக்கே பள்ளி வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. ஆண்டு விழாவுக்கு இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. தேர்வு முடிவுக்கும் வந்ததில்லை. போன மாதம் 'உங்கள் பிள்ளையைப் புரிந்துகொள்வது எப்படி' என்று ஒரு கூட்டம் போட்டார்கள். ஏழு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் கழிப்பறை தேடி வந்தவர்கள்.

இன்று பள்ளியில் 'நேர்மை நாள்'. அரங்கில் நிற்கக்கூட இடமில்லை. சத்தியமானி வந்திருந்தது.

சத்தியமானி என்பது ஒரு பெட்டி. கறுப்பு நிறம். ஒரு ஆள் மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டிய கனம். தலையில் இரண்டு விளக்குகள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. முகத்தில் எண் காட்டும் சின்னத் திரை. பக்கவாட்டில் தாள் நுழைக்க ஒரு வாய். பிள்ளை எழுதிய கட்டுரையை அந்த வாயில் கொடுத்தால், அதை எழுதியது பிள்ளையா ஏ.ஐ.யா என்று சொல்லிவிடும். பேனாவால் எழுதியிருந்தாலும் சொல்லும். பென்சில் என்றாலும் சொல்லும். எப்படிச் சொல்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அலைவரிசை கெட்டுவிடும்.

பெட்டியின் சொந்தக்காரர் ஒரு நிபுணர். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். அவர் பெயருக்கு முன்னால் மூன்று பட்டங்கள், பின்னால் நான்கு. நடுவில் இருந்த பெயரை யாரும் கவனிக்கவில்லை.

"ஏ.ஐ. எழுதின எழுத்துல ஒரு வாசனை இருக்கும்," என்றார் அவர், விழா தொடங்கும் முன்பே மேடையில் நின்று. "மனுஷ மூக்குக்குத் தெரியாது. பெட்டிக்குத் தெரியும்."

கூட்டம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தது. ஒன்றும் தெரியவில்லை. ஆகவே அவர் சொன்னது உண்மை என்று புரிந்துகொண்டது.

வாசல் பக்கம் ஒரு மேசையில் 'மனிதத் தைலம்' விற்றார்கள். நீல நிறத் திரவம், தெளிக்கும் புட்டி. நோட்டில் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை தெளித்தால் பிள்ளையின் எழுத்துக்கு மனித வாசனை திரும்பிவிடுமாம். பெற்றோர்கள் முட்டிமோதி வாங்கினார்கள். ஒரு தகப்பன் அங்கேயே மகனைப் பிடித்து நேராக அவன் மேல் தெளித்தார். பையன் தும்மினான். "வேலை செய்யுது பாருங்க," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

கூட்டத்தின் ஓரத்தில், ஒலிபெருக்கிக் கம்பிக்குப் பக்கத்தில், மடியில் ஒரு கோப்போடு அலுவலக எழுத்தர் உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் எல்லோருக்கும் அவள் ஆபீஸ் அக்கா. பட்டியல், சுற்றறிக்கை, டி.சி., எது தட்டச்சு ஆகவேண்டும் என்றாலும் அவள் விரல் வழியாகத்தான் ஆகவேண்டும். அவளுடைய மகள் மேடைக்குக் கீழே, நாற்பது பேர் நின்ற வரிசையில் நின்றாள்.

அது சிவப்பு வரிசை.

*

பத்து நாளுக்கு முன் நிபுணர் முதல் முறை வந்தபோது இரண்டு பொருள் கேட்டார். ஒன்று, ஒன்பதாம் வகுப்பு முழுவதும் எழுதிய 'நான் நன்றாக அறிந்த ஒன்று' கட்டுரைகள். இன்னொன்று, அரையாண்டில் ஐம்பதுக்குக் கீழே வாங்கியவர்களின் பட்டியல்.

"பட்டியல் எதுக்கு சார்?" என்று ஆபீஸ் அக்கா கேட்டாள்.

"அலைவரிசை சரிபண்ண," என்றார் நிபுணர்.

அச்செடுத்துக் கொடுத்தாள். அவர் கட்டுரைகளை ஓர் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே 'மௌனம், பெட்டி மோப்பம் பிடிக்கிறது' என்று பலகை தொங்கியது. மாலையில் வெளியே வந்து, நாற்பத்தோரு பேர் திருடர்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்.

அதில் அவள் மகள் பெயர் இருந்தது. எண்பத்து மூன்று சதவீதம் ஏ.ஐ.

மகள் எழுதியது லிப்டைப் பற்றி. அவள் அப்பா லிப்ட் மெக்கானிக். கயிறு அறுந்தால் லிப்ட் விழுமா என்று ஊரெல்லாம் பயப்படுகிறது, விழாது, வேகம் மிஞ்சினால் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் ஒரு கவ்வி இறுக்கிப் பிடித்துவிடும் என்று எழுதியிருந்தாள். நாற்பத்தொரு மார்க் வாங்குகிற பெண் இவ்வளவு தெளிவாக எழுதியதைப் பார்த்து மொழி ஆசிரியைக்கே வியர்த்திருந்தது. கட்டுரைக்கு அடியில் கோடு போட்டு ஒரு குறிப்பும் இருந்தது:

'எங்கள் கட்டட லிப்டுக்கு எத்தனை கயிறு என்று ஏ.ஐ.யிடம் கேட்டேன். மூன்று என்றது. அப்பாவிடம் கேட்டேன். ஐந்து என்றார். அவரோடு மேலே போய் எண்ணினேன். ஐந்து.'

நிபுணர் அந்த ஒரு குறிப்பைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். 'குற்றவாளியே ஒப்புக்கொண்டது.'

மற்ற நூறு பேரில் எத்தனை பேர் ஏ.ஐ.யை எழுதவைத்துக் கீழே தங்கள் பேரை மட்டும் சொந்தக் கையால் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் குறிப்பு போடவில்லை. பச்சை.

அன்று சாயங்காலம் வீட்டில் விசாரணை நடந்தது.

"உண்மையைச் சொல்லுடி. நீதான் எழுதினியா?"

"நான்தாம்மா."

"ஏ.ஐ. கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். கேட்டேன்னும் எழுதியிருக்கேன். அது தப்பாச் சொன்னதையும் எழுதியிருக்கேன். இதுக்கு மேல எப்படிம்மா எழுதுறது?"

லிப்ட் மெக்கானிக் கை துடைத்துக்கொண்டே வந்தார். "கயிறு அஞ்சுன்னுதானே எழுதின?"

"ஆமாப்பா."

"அப்புறம் என்ன? சரியாத்தானே எழுதியிருக்கா." அத்தோடு அவருக்கு வழக்கு முடிந்தது. சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

ஆபீஸ் அக்காவுக்கு முடியவில்லை. நேர்மை நாள் அன்று நாற்பத்தோரு பேரும் மேடையேறி மன்னிப்புக் கடிதம் வாசிக்க வேண்டும். வாசிக்காதவருக்கு டி.சி. கடிதத்தின் மாதிரியை நிபுணரே கொடுத்திருந்தார். மேலே 'கீழுள்ளதைப் பார்த்து ஒரு எழுத்தும் மாறாமல் எழுதவும்' என்று இருந்தது. அதற்குக் கீழே முதல் வரி: 'நான் இனி எதையும் பார்த்து எழுத மாட்டேன்.'

மகள் அதை இரண்டு முறை படித்தாள். "பார்த்து எழுத மாட்டேன்னு பார்த்து எழுதணுமா?"

"எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாரேன்டி."

"நான் செய்யாததைச் செஞ்சேன்னு எழுதினா அதுதாம்மா திருட்டு. எழுத மாட்டேன்."

"டி.சி. குடுத்துடுவாங்க."

"டி.சி.யை யாரு டைப் பண்ணுவா?"

அம்மா தட்டைக் கழுவ எழுந்தாள். அவள்தான் டைப் செய்வாள்.

*

நேர்மை நாளுக்கு முந்தின நாள், வெறுத்துப்போய் டி.சி. படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு சிவப்புப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். பதினேழாவது பெயரில் விரல் நின்றது.

அது மின்னல். பையனுக்கு நண்பர்கள் வைத்த பெயர். ஒரு வாக்கியம் எழுத அவனுக்கு ஒரு பீரியட் ஆகும். மின்னல் இந்தப் பள்ளியில் இல்லை. அப்பாவுக்கு வேலை மாற்றம் வந்து, அரையாண்டு முடிந்ததும் குடும்பத்தோடு போய்விட்டான். நான்கு மாதம் ஆகிறது. அவன் டி.சி.யை அடித்தவள் அவளே. பழைய மதிப்பெண் கோப்பிலிருந்து அவன் பெயரை நீக்க மறந்தவளும் அவளே. அந்தக் கோப்பைத்தான் நிபுணருக்கு அச்செடுத்துக் கொடுத்திருந்தாள்.

மின்னல் எழுதாத கட்டுரை எழுபத்திரண்டு சதவீதம் ஏ.ஐ.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதே நாற்பத்தோரு பெயர். அதே வரிசை. பெட்டி கட்டுரையை மோந்து பார்க்கவில்லை. அவள் அடித்த மார்க் பட்டியலைத்தான் மோந்து பார்த்திருக்கிறது.

தலைமையாசிரியர் அறைக்கு ஓடினாள்.

"சார், மின்னல் நாலு மாசத்துக்கு முன்னாடியே போயிட்டான். அவன் கட்டுரையே எழுதலை. அது எப்படிச் சிவப்பு வரும்?"

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். சிந்திக்கிறவர் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த முகத்தை வைத்துக்கொண்டார்.

"அவன் எழுதலை, இல்லையா?"

"எழுதலை சார்."

"அப்போ மெஷின்தானே எழுதியிருக்கணும்?"

ஆபீஸ் அக்கா இரண்டு பட்டியலையும் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"பாத்தீங்களா, பெட்டி எவ்வளவு நுட்பம்னு," என்றார் தலைமையாசிரியர். "சரி, என் வரவேற்புரையை அனுப்பியிருக்கேன். அச்செடுத்து வைங்க. ஒரு எழுத்தையும் மாத்தாதீங்க. போன தடவை மாதிரி திருத்துற வேலை வேண்டாம்."

போன தடவை அவர் 'மறைந்த நமது விருந்தினர்' என்று எழுதியிருந்ததை அவள் திருத்தியிருந்தாள். விருந்தினர் அப்போது முன் வரிசையில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதிலிருந்து அவருக்குத் திருத்தம் பிடிக்காது.

உரையைத் திறந்து படித்தாள். ஒரு முறை. இன்னொரு முறை. சொன்னபடியே ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அச்செடுத்தாள். அப்புறம் சிவப்புப் பட்டியலின் பதினேழாவது பெயரை இன்னொரு முறை பார்த்தாள். மேலும் இரண்டு பிரதி எடுத்தாள்.

*

நேர்மை நாள் தலைமையாசிரியரின் உரையோடு தொடங்கியது.

"மதிப்பிற்குரிய பெற்றோர்களே," என்று கணீரென்று வாசித்தார். "இங்கே பள்ளியின் பெயரைச் சேர்க்கவும் பள்ளியின் சார்பில் உங்களை வரவேற்கிறேன்."

கைதட்டல்.

"நேர்மை என்பது ஒரு பயணம். நேர்மை என்பது ஒரு பாலம். நேர்மை என்பது ஒரு விதை. பார்வையாளர்கள் சிரிப்பதற்காக இங்கே சற்று நிறுத்தவும்."

நிறுத்தினார். முன் வரிசை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தது. பின் வரிசை, முன் வரிசை சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தது.

"என்ன ஆழம்," என்றார் பெற்றோர் சங்கத் தலைவர். பல் டாக்டர், ஆழம் தெரிந்தவர்.

அடுத்து நிபுணர் வந்தார். பெட்டியை மேடையில் நீளத் துணி போர்த்திய மேசைமேல் வைத்து, பின்னால் நின்றுகொண்டார். "சந்தேகப்படுறவங்க யாராவது இருந்தா வெளிய போயிடுங்க. அலைவரிசை தாங்காது."

யாரும் போகவில்லை. போனால் அகப்பட்டுவிடுவோமே.

முதலில் ஒரு பெண்மணி ஓடி வந்தாள். கையில் பழுப்பேறிய கடிதக் கட்டு. கல்யாணத்துக்கு முன் கணவர் எழுதிய காதல் கடிதங்கள். இருபத்திரண்டு வருடத்துச் சந்தேகம்.

"அப்ப ஏ.ஐ.யே கிடையாதேம்மா," என்றார் பல் டாக்டர்.

"எதுக்கும் பாத்துடுவோம் டாக்டர். இந்த மனுஷன் இப்படிப் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை."

நிபுணர் கணவரின் முகத்தைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். சிவப்பு. எண்பத்தெட்டு சதவீதம். அரங்கம் 'ஐயோ' என்றது. கணவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

"இப்போ மன்னிப்பு வாசிப்பு," என்றார் தலைமையாசிரியர். "அகர வரிசைப்படி."

மகள்தான் முதலில். மேடையேறினாள். கையில் தாள் இல்லை.

"கடிதம் எங்கே?"

"எழுதலை சார்."

"எழுதலைன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?" என்றவர், கூட்டத்துக்குக் கேட்கும்படி, "ஆபீஸ் அக்கா! அந்தப் படிவத்தைக் கொண்டு வாங்க!" என்றார்.

ஆபீஸ் அக்கா எழுந்தாள். கோப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மேடைப் படி நான்கு. இந்த வேலையில்தான் வீட்டு வாடகை ஓடுகிறது. ஆனாலும் ஏறினாள்.

"கொண்டு வந்திருக்கேன் சார். அதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு தாள், பெட்டியில போட்டுடலாமா? ஒண்ணு உங்க உரை. பெரியவங்களுக்கும் பச்சை விளக்கு எரிஞ்சா பிள்ளைங்களுக்கு ஒரு முன்மாதிரியா இருக்கும்."

தலைமையாசிரியர் முகம் மலர்ந்தது. முன்மாதிரி என்ற சொல் அவருக்கு மிகவும் பிடிக்கும். "தாராளமா!"

நிபுணர் தாளை வாங்கினார். அவர் எதையும் முழுதாகப் படிப்பதில்லை. மேல் வரியை மட்டும் பார்ப்பார். மேல் வரியில் 'எழுதியவர்: தலைமையாசிரியர்' என்று இருந்தது. தாள் வாய்க்குள் போனது. பச்சை. தொண்ணூற்றொன்பது சதவீதம் மனிதர்.

"அந்த ஒரு சதவீதம் அடக்கம்," என்றார் நிபுணர். அரங்கம் அதிர்ந்தது.

இரண்டாவது தாள். மேல் வரியில் மின்னலின் முழுப் பெயர், ஒன்பதாம் வகுப்பு, சிவப்புப் பட்டியல் எண் பதினேழு. நிபுணர் உதட்டைப் பிதுக்கினார். தாளை நுழைத்துவிட்டு உடனே இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

சிவப்பு. தொண்ணூற்றொரு சதவீதம் ஏ.ஐ.

"அப்பட்டமான திருட்டு," என்றார். "ஒரு வார்த்தைகூட மனுஷன் எழுதினதில்லை. பெட்டிக்கே குமட்டுது."

"உறுதியாவா சார்?"

"என் ஏழு பட்டம் மேல ஆணை."

ஆபீஸ் அக்கா இரண்டாவது தாளை வெளியே உருவினாள். ஒலிவாங்கியைப் பிடித்து வாசித்தாள்.

"மதிப்பிற்குரிய பெற்றோர்களே. இங்கே பள்ளியின் பெயரைச் சேர்க்கவும் பள்ளியின் சார்பில் உங்களை வரவேற்கிறேன். நேர்மை என்பது ஒரு பயணம். நேர்மை என்பது ஒரு பாலம்."

கைதட்டப் போன முன் வரிசை பாதியில் கையை நிறுத்தியது.

"இதை இப்பதானே கேட்டோம்?" என்றார் பல் டாக்டர்.

"ஆமா டாக்டர். ரெண்டும் ஒரே உரை. ஒரு கமாகூட மாறலை. மேல இருக்கிற பேரு மட்டும்தான் வேற. பெரியவர் பேருல போட்டா மனுஷன். மார்க் குறைஞ்ச பையன் பேருல போட்டா மெஷின். அந்தப் பையன் நாலு மாசமா இந்தப் பள்ளியிலயே இல்லை."

எல்லோரும் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். அவர் பாடு பரிதாபம். பச்சை சரி என்றால் சிவப்பு பொய், பெட்டி மோசடி, அதை அழைத்து வந்தவர் அவர். சிவப்பு சரி என்றால் உரை ஏ.ஐ. எழுதியது, வாசித்தவர் அவர். இரண்டு பக்கமும் பார்த்தார். தண்ணீர் குடித்தார்.

"பெட்டி மோசடி!" என்று கத்தினார்.

"பெட்டி மோசடிதான் சார்," என்றார் நிபுணர். கோபத்தில் அவருக்கு நிதானம் தப்பிவிட்டது. "ஆனா அந்த ஒரு சிவப்பு மட்டும் எவ்வளவு உண்மைன்னு உங்களுக்கே தெரியும்! சிரிக்கிறதுக்காக நிறுத்தவும்னு வாசிச்ச ஆளு நானா நீங்களா?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரப் பார்த்தார். பெட்டி வரவில்லை. அடியிலிருந்து ஒரு கம்பி மேசைத் துணிக்குள் போய், தரையில் ஒரு மிதி பொத்தானில் முடிந்தது. அதை அதற்குள் ஒருவர் கண்டுபிடித்திருந்தார்.

லிப்ட் மெக்கானிக். மகள் மேடையேறுகிறாள் என்று வேலையிலிருந்து நேராக வந்தவர். மிதித்தார். பச்சை. இரண்டு முறை மிதித்தார். சிவப்பு. "நல்ல பொத்தான்," என்றார்.

சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். மூடிய எதையும் திறந்து பார்ப்பது அவர் தொழில். நான்கு திருகு, ஒரு நிமிடம். உள்ளே ஒரு பேட்டரி, இரண்டு விளக்கின் கம்பிகள், திரையில் வாய்க்கு வந்த எண்ணைக் காட்டும் ஒரு சின்னச் சில்லு, ஒரு செங்கல்.

"செங்கல் எதுக்கு சார்?"

"கனத்துக்கு," என்றார் நிபுணர் சன்னமாக. "கனமா இல்லைன்னா நம்ப மாட்டேங்குறாங்க."

மெக்கானிக் யாரோ ஒருவர் கையிலிருந்த மனிதத் தைலத்தை வாங்கி மோந்து பார்த்தார். "இது லிப்ட் கண்ணாடி துடைக்கிற தண்ணி. எங்க கிடங்குல ரெண்டு கேன் இருக்கு."

காலையில் மகன் மேல் தெளித்த தகப்பன் மகனைக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார். பையன் பளபளவென்று இருந்தான்.

காதல் கடிதப் பெண்மணி கணவரின் தோளைத் தட்டினாள். கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிடுங்க. அப்போ அந்தக் கடிதமெல்லாம் மெஷின் எழுதலையா?"

"சேச்சே," என்றார் கணவர், நிம்மதியில் தன்னை மறந்து. "என் ரூம்மேட் எழுதிக் குடுத்தான்."

இந்த முறை அவர் மூன்று நாற்காலி தள்ளி உட்கார நேர்ந்தது.

பல் டாக்டர் மேடையேறினார். மகள் இன்னும் அங்கேயே நின்றாள். அவளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கொஞ்சம் செருமினார். அவளிடம் நேராகக் கேட்கலாம் என்று பத்து நாளாகப் பள்ளியில் யாருக்கும் தோன்றவில்லை, பழக்கமில்லாத வேலை.

"ஏம்மா, லிப்டைப் பத்தி நீதான் எழுதினியா?"

"ஆமா சார்."

"கயிறு அறுந்தா விழாதுன்னு எழுதியிருக்கியே, எப்படி?"

மகள் சொன்னாள். இரண்டு கையையும் தண்டவாளமாக்கி, விரலைக் கவ்வியாக்கிக் காட்டினாள். இடையில் ஓர் இடத்தில் தடுமாறினாள். "அந்த இடம் எனக்கே சரியாப் புரியலை சார், அதான் எழுதலை," என்றாள்.

"கயிறு அஞ்சுன்னு எப்படித் தெரியும்?"

"எண்ணினேன் சார்."

அவ்வளவுதான் சோதனை. விளக்கு இல்லை. கையுறை இல்லை. ஒரு நிமிடம் ஆகவில்லை.

"நாற்பது பேர் நிக்கிறாங்களே," என்றார் பல் டாக்டர் வரிசையைப் பார்த்து. "எல்லாரையும் இப்படித்தான் கேக்கணுமா?"

"பச்சையில இருக்கிற நூறு பேரையும் சேர்த்து சார்," என்றாள் மகள்.

பச்சை வாங்கியவர்களில் பலர் அந்த நேரத்தில் கழிப்பறை தேடிப் போனார்கள்.

*

திங்கட்கிழமை தலைமையாசிரியர் ஆபீஸ் அக்காவைக் கூப்பிட்டார். டி.சி. பேச்சு இல்லை. நாலு நாளில் அவர் கொஞ்சம் இளைத்திருந்தார்.

"பள்ளிக்கு ஏ.ஐ. விதிமுறை ஒண்ணு வேணும்னு பெற்றோர் சங்கத்துல கேக்கறாங்க. எதுக்குப் பயன்படுத்தலாம், எதுக்குக் கூடாது, பயன்படுத்தினா எப்படிச் சொல்லணும்னு. டைப் பண்ணிக்குங்க."

"சொல்லுங்க சார்." அவள் விசைப்பலகையில் விரலை வைத்தாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கைபேசியைப் பார்த்தார். திரும்பப் பைக்குள் வைத்தார்.

"அவசரம் இல்லை சார். யோசிச்சுச் சொல்லுங்க. நான் இருக்கேன்."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். கூரையைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். யோசிக்க ஆரம்பித்தார்.

வெகு நேரம் பிடித்தது. முதல் தடவை அப்படித்தான் இருக்கும். தலை வலிக்கும். ஆனால் இதுவரை அதனால் யாரும் செத்ததில்லை; நீங்களும் ஒரு முறை முயன்று பார்க்கலாம்.